மணி அடிக்காத நாள்

என் அத்தானுக்கு உட்காரத் தெரியாது. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு இருபத்தோரு வருடமாகிறது, இத்தனை வருடத்தில் எந்த நாற்காலியிலும் அவர் முதுகு சாய்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பார். பேச்சு கொஞ்சம் நீண்டால் எழுந்து போய் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார், எங்காவது குழாய் சொட்டுகிறதா என்று காது கொடுப்பார். ஒருமுறை என் நண்பன் வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜைக்குச் சாப்பாடு வருவதற்குள் அவர்களுடைய சமையலறைக் கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிவிட்டார். நண்பனின் மனைவிக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்குத்தான் மானம் போனது.

ஆள் ஆறடிக்கு மேல் உயரம். தீயணைப்பு நிலையத்தில் வேலை. வண்டி போய் நின்றதும் முதலில் குதித்து, தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவர் அவர்தான். இருபத்து மூன்று வருடமாக அந்த முனை அவர் கையில் இருக்கிறது. வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட அவரிடமிருந்து குழாயை வாங்க முடியாது என்று அக்கா சொல்வாள்.

நான் டயர் கடைக்கு மேல்மாடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறேன். கீழிருந்து ரப்பர் நாற்றம், மேலே வியர்வை நாற்றம், இரண்டுக்கும் நடுவே நான். எனக்குப் பேச்சு ஜாஸ்தி, பொறுமை கம்மி, அட்டவணை போடுவதென்றால் கொள்ளை ஆசை. ஓட்டத்துக்குப் பச்சை, எடைப் பயிற்சிக்குச் சிவப்பு, ஓய்வுக்கு நீலம் என்று கட்டம் கட்டமாகப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவேன். வருகிறவர்கள் அதைப் படிக்கிறார்களோ இல்லையோ, பார்க்க லட்சணமாக இருக்கும்.

போன வருடம் இந்த அட்டவணைப் பைத்தியத்துக்கு ஒரு நிஜமான வேலை வந்தது. அத்தான் துறையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை உடல் தகுதித் தேர்வு உண்டு. மைதானத்தை ஆறு சுற்று, அதாவது இரண்டாயிரத்து நானூறு மீட்டர், பதின்மூன்று நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பத்து நிமிட இடைவெளிக்குப் பிறகு எழுபது கிலோ பொம்மை மனிதனை முப்பது மீட்டர் இழுக்க வேண்டும், சுருட்டிய குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடிக் கோபுரம் ஏறி இறங்க வேண்டும். அதற்கு முந்தைய தேர்வில் அத்தான் ஓட்டத்தில் முப்பத்தெட்டு விநாடி பிந்திவிட்டார். நிலைய அதிகாரி மேலிடத்தில் பேசி ஒரு வருடம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். இந்த முறையும் கோட்டைவிட்டால் வண்டியில் இடம் கிடையாது. கட்டுப்பாட்டு அறைதான்.

கட்டுப்பாட்டு அறை என்றால் நிலையத்தின் வாசலை ஒட்டிய ஒரு கண்ணாடி அடைப்பு. இரண்டு தொலைபேசி, ஒரு ஒலிவாங்கி, ஒரு சுழல் நாற்காலி. நாள் முழுக்க உட்கார்ந்து அழைப்பை எடுத்து, விலாசம் கேட்டு, வண்டிக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்தவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடம் காலியாகவே கிடந்தது, ஆளாளுக்கு மாற்றி மாற்றி உட்கார்ந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தானும் ஒரு முறை மூன்று நாள் உட்கார்ந்தார். யாரோ ஒரு பெண் கூப்பிட்டு, புகை புகை என்று கத்தினாள், பாதியில் இணைப்பு போய்விட்டது. திரும்ப விலாசம் கிடைக்க ஏழு நிமிடம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரொட்டி கருகிய புகைதான். ஆனால் அத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். "கண்ணுல பாக்காம கேக்கறது மட்டும் என்னால முடியாது" என்று புலம்பியதாக அக்கா சொன்னாள். நெருப்புக்குப் பயப்படாத மனுஷன் தொலைபேசிக்குப் பயந்தார்.

ஆகவே தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது மாடிப்படி ஏறி என்னிடம் வந்தார்.

"மாப்ள, உன்னத்தான் நம்பியிருக்கேன். ஓடவும் வேணும், தூக்கவும் வேணும். ரெண்டையும் எப்படிச் சேத்துப் பண்றதுன்னு எனக்குப் புரியல."

எனக்குத் தலை கால் புரியவில்லை. இருபத்தோரு வருடத்தில் அத்தான் என்னிடம் கேட்ட முதல் உதவி. உடனே உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். திங்கள் ஓட்டம், செவ்வாய் எடை, புதன் ஓய்வு, வியாழன் ஓட்டம், வெள்ளி எடை, சனி நீண்ட ஓட்டம், ஞாயிறு ஓய்வு. நீலக் கட்டத்துக்கு மட்டும் இரண்டு முறை வண்ணம் தீட்டினேன், ஏனென்றால் ஆளைத் தெரியும்.

அவர் அதைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"புதன்கிழமைன்னா எப்ப?"

கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. தீயணைப்பு நிலையத்தில் கிழமை கிடையாது. ஒரு நாள் முழுக்க, இருபத்து நாலு மணி நேரம் வேலை. அடுத்த இரண்டு நாள் வீடு. மறுபடி ஒரு நாள் வேலை. அவர்களுக்கு வாரம் என்பது மூன்று நாள். என் புதன்கிழமை இந்த வாரம் அவருக்கு வேலை நாளாக இருக்கும், அடுத்த வாரம் வீட்டில் இருக்கும் நாளாக இருக்கும். இருபத்தோரு வருடம் அவரோடு பழகியும் இது என் மண்டையில் ஏறவில்லை. வண்ணம் தீட்டியதெல்லாம் வீண்.

அத்தான் என் பென்சிலை வாங்கி, அட்டவணையின் பின்பக்கத்தில் மூன்றே மூன்று கட்டம் போட்டார். முதல் நாள் வேலை. இரண்டாம் நாள் ஓட்டம். மூன்றாம் நாள் எடை.

"ரெஸ்ட் எங்க, அத்தான்?"

"அதான் இருக்கே." முதல் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். "வேலை நாள்."

"வேலை நாள் எப்படி ரெஸ்ட் ஆகும்?"

"ஸ்டேஷன்ல என்ன வேலை மாப்ள? மணி அடிச்சாத்தான் வேலை. பத்து நாள்ல ஏழு நாள் மணியே அடிக்காது. சும்மா இருக்கறதுதான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் அக்கா இதற்காக என்னை ஒரு பிடி பிடித்தாள். மூன்று நாளில் ஓர் ஓய்வு, கணக்கு அழகாகப் பொருந்தியது. நான் மூன்று கட்டத்துக்கும் வண்ணம் தீட்டிக் கொடுத்தேன்.

பயிற்சி ஆரம்பமானது. ஓட்டத்துக்கு நிறுத்துக் கடிகாரம் பிடித்தது அக்கா. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், சட்டத்துக்குள் வில்லையைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினால் திருப்பி எடுத்துத் தேய்ப்பாள். புருஷன் ஓட்டத்தையும் அப்படித்தான் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளி மைதானத்தின் சுவரோரம் நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் குறித்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தாள். முதல் ஓட்டம் பதின்மூன்று நிமிடம் நாற்பது. இரண்டு வாரத்தில் பதின்மூன்று இருபத்தைந்து. எல்லோருக்கும் குஷி. நான் கூடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் அட்டவணையைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

ஆறாவது வாரம் பதின்மூன்று நாற்பத்தைந்து. எட்டாவது வாரம் பதினாலு நிமிடத்தைத் தாண்டியது. எடையும் தூக்க முடியவில்லை. முதல் மாதம் அனாயாசமாகத் தூக்கிய பளுவை இப்போது பாதியில் இறக்கி வைத்துவிட்டு, அது தன்னை ஏமாற்றிவிட்டதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரே குழப்பம். யார் யாரோ யோசனை சொன்னார்கள். நிலைய அதிகாரி, "தினம் ஓடணும், இடைவெளியே விடக்கூடாது, அதான் பிரச்சினை" என்றார். காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர். டாக்டர், "ஐம்பது வயசு ஆகப்போகுது, ஒரு நாள் ஓடினா ரெண்டு நாள் சும்மா இருங்க" என்றார். இன்னொரு டாக்டர், சும்மா இருந்தால்தான் மூட்டு பிடித்துக்கொள்ளும் என்றார். நான் கைபேசியில் பார்த்த நாலு காணொளிகளில் நாலு விதமாகச் சொன்னார்கள், நாலு பேருக்கும் வயிறு கட்டம் கட்டமாக இருந்தது. யாரை நம்புவது? அத்தான் எல்லோரையும் நம்பினார். ஒரு வாரம் தினம் ஓடினார், ஒரு வாரம் ஓடவே இல்லை, இரண்டு வார முடிவிலும் நேரம் ஒன்றாகவே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் யாருமில்லை. அத்தான் பளுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். களைப்பா இருக்கா, சோம்பலா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"ஏன்?"

"காலைல எந்திரிக்கும்போது கால் ரெண்டும் வேணாங்குது. அது நிஜமாவே வேணாங்குதா, இல்ல எனக்குத்தான் ஓடப் பிடிக்கலையான்னு தெரியல. சோம்பல்னா எழுப்பி ஓட வைக்கணும். களைப்புன்னா படுக்க வைக்கணும். ரெண்டும் உள்ள இருந்து பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கு."

நான் பதினொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று ஏதோ உளறி வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. எனக்கு வருவதெல்லாம் சோம்பல் என்று என் அம்மா சொல்வாள், எனக்கு அது களைப்பாகத்தான் தெரியும்.

அத்தானுக்கு நேர்மாறான ஓர் ஆள் அதே நிலையத்தில் இருந்தான். அவனைப் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். குள்ளம், கட்டுமஸ்து, வேலை வந்துவிட்டால் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். வேலை இல்லையென்றால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுவான். பெஞ்சில், வண்டியின் படியில், குழாய்ச் சுருளின் மேல், எங்கே சாய்ந்தாலும் குறட்டை வரும். வயது நாற்பத்தேழு. அவனுக்கும் அதே தேர்வு. பயிற்சி என்று ஒன்றும் கிடையாது, போன முறை பன்னிரண்டே முக்கால் நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டு மைதானத்திலேயே படுத்துத் தூங்கினானாம். அத்தான்மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். வண்டியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. "அண்ணன் இல்லாத வண்டியில என்னத்துக்கு ஏறறது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

முடிச்சை அவிழ்த்தது அக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். தினம் ஓடிய வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வேலை நாளுக்கு மறுநாள் ஓடிய ஓட்டமெல்லாம் மற்ற நாளைவிட மோசம், ஒன்று விடாமல் மோசம். ஓய்வெடுத்த மறுநாள் ஒரு மனுஷன் எப்படி மெதுவாக ஓடுவான்?

"நேத்து ஸ்டேஷன்ல என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. மணியே அடிக்கல."

"காலைல போனதும்?"

"போனதும் வண்டி கழுவினோம். அப்புறம் ட்ரில். அப்புறம் முந்தாநாள் நனைஞ்ச ஹோஸ் பைப் எல்லாத்தையும் கோபுரத்துல ஏத்திக் காயப்போட்டோம்."

"எத்தன ஹோஸ்?"

"பதினாறு."

"நீங்க எத்தன ஏத்தினீங்க?"

அத்தான் யோசித்தார். "உயரமா இருக்கேன்னு என்னைத்தான் மேல நிக்கச் சொல்வாங்க. அதனால... பதினாறும்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏணி செக் பண்ணினோம். தெருத்தெருவா போயி தண்ணி வால்வெல்லாம் திறந்து மூடிப் பாத்தோம். அது நடந்துதான் போகணும். சாயங்காலம் மறுபடி ட்ரில். ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு வண்டியில காத்து பாத்தேன்."

"இதுக்குப் பேரு ஒண்ணும் பண்ணலையா?"

"மணி அடிக்கலையே" என்றார் அத்தான், அவளுக்கு ஏன் புரியவில்லை என்பது புரியாமல்.

அங்கே அழைப்புக்குப் போனால் மட்டும்தான் பதிவேட்டில் வரி ஏறும். போகாத நாளுக்கு 'நிகழ்வு இல்லை' என்று ஒரே வரி. இருபத்து மூன்று வருடமாக அந்த வரியைப் படித்துப் படித்து, அந்த நாளில் தான் ஒன்றுமே செய்யவில்லை என்று அவர் மனதார நம்பினார். அக்கா தன் கடைக்காரரிடம் இரவல் வாங்கி, காலடி எண்ணுகிற கைப்பட்டை ஒன்றை அடுத்த வேலை நாளில் அவர் மணிக்கட்டில் கட்டி அனுப்பினாள். மணி அடிக்காத நாள் அது. பதினெட்டாயிரம் அடி, முப்பத்தோரு மாடி. நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டை கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"நீயெல்லாம் ஒரு கோச்சு" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "நாலு மாசத்துல ரெண்டரை மாசம் இந்த மனுஷனுக்கு ஒரு நாள்கூட ரெஸ்ட் இல்ல. கலர் அடிச்சியே, கேட்டியா?"

கேட்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை.

அட்டவணையை மாற்றினோம். வேலை நாள் இனிமேல் வேலை நாள், அதுவே எடைப் பயிற்சி. மறுநாள் நீலம், ஒன்றும் கிடையாது. மூன்றாம் நாள் ஓட்டம், அதோடு கொஞ்சம் எடை. எழுதுவது சுலபம். அந்த நீல நாளில் அத்தானை வீட்டில் வைத்திருப்பது அக்காவுக்குத் தலைவலியாகிவிட்டது. முதல் நீல நாளில் குளியலறை ஓடுகளைப் பெயர்த்து ஒட்டினார். இரண்டாவதில் அக்கா சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால், அலமாரியிலிருந்த பாத்திரங்களையெல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தார். மூன்றாவது நீல நாளில் எனக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, படுத்திருக்கேன். இப்ப என்ன பண்ணனும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"எவ்வளவு நேரம்?"

சாயங்காலம் வரைக்கும் என்றேன். பெருமூச்சு விட்டார். படுத்திருப்பது சரியா தப்பா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சந்தேகம் வருகிறது என்றார். ஆனால் நேரம் குறைந்தது. பதின்மூன்று முப்பது, பதின்மூன்று பதினைந்து, பதின்மூன்று ஐந்து. ஏன் குறைகிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. "ஒண்ணுமே பண்ணாம எப்படி மாப்ள வேகம் வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், யாரோ தன் பேரில் களவாக ஓடுகிறமாதிரி.

தேர்வு நெருங்கியது. நாள் இப்படி அமைந்தது: ஒரு வேலை நாள், மறுநாள் வீடு, அதற்கு மறுநாள் தேர்வு. நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"கடைசி ரெண்டு நாள் ஒரு வாளியக்கூடத் தூக்கக்கூடாது. வேலை நாள்ல கூட. நான் ஸ்டேஷன்ல பேசறேன்."

பேசினேன். நிலைய அதிகாரி சிரித்துவிட்டுச் சரி என்றார். பம்பரம்தான் ரொம்ப மும்முரமாக இருந்தான். "நீங்க கவலையே படாதீங்க. அண்ணன் அன்னைக்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சா என்னைக் கேளுங்க" என்றான். அவனுக்கும் அதே நாளில்தான் தேர்வு என்பதை நான் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. அவன் ஓடுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வேலை நாளில் காலை பத்து மணிக்கு மணி அடித்தது.

நெருப்பில்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு பெரியவர், நல்ல கனம், இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். மின்தூக்கி பழுது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரால் முடியாமல் உதவி கேட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு நிலையத்தில் ஒரு தூக்கு நாற்காலி உண்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துப் படியிறங்க வேண்டும். கீழ்ப்படியில் நிற்கிறவர் உயரமாக இருந்தால்தான் நாற்காலி சாயாமல் இருக்கும், கனமும் அவர்மேல்தான் இறங்கும். ஆகவே எப்போதும் கீழே அத்தான், மேலே பம்பரம். கேள்வியே இல்லாத ஏற்பாடு.

அத்தான் குனிந்து கீழ்ப்பிடியில் கை வைத்திருக்கிறார். பம்பரம் அவர் கையைத் தட்டிவிட்டான்.

"அண்ணே, நீங்க போயி கதவப் பிடிங்க. நாளான்னிக்கு ஓடணும்."

"நான் பிடிக்கறேன்டா."

"ரெஸ்ட்டுன்னா ரெஸ்ட். உங்க மச்சினன்கிட்ட நான் வாக்கு குடுத்திருக்கேன்."

அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்பிடியை ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் பிடித்தார். குள்ளமான பம்பரம் கீழே நின்று, கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்தி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினான். மூன்று மாடி வந்துவிட்டார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் முழங்கால் திருகிக்கொண்டது. நாற்காலியை விடவில்லை. மீதி மாடிகளையும் இறங்கி, பெரியவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, அதன்பிறகுதான் நடைபாதையில் உட்கார்ந்தானாம். பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் அத்தான் நேராக என் கூடத்துக்கு வந்து இதைச் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க தூக்கலையே?" வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நல்லதாகப் போச்சு, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

தேர்வில் அத்தான் பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தேழு விநாடியில் ஓடினார். பொம்மை மனிதனை இழுத்துப்போட்டார், கோபுரம் ஏறி இறங்கினார், மூச்சுகூட ரொம்ப வாங்கவில்லை. நான் மைதானத்தின் ஓரத்தில் குதித்தேன். அக்கா நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டாள். என் வாழ்க்கையில் ஓர் அட்டவணை பலித்தது அதுதான் முதல் தடவை. அத்தான் எங்களைப் பார்க்காமல் மைதானத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரம் வரவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது, ஆறு வாரம் மடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேர்வுக்கு வராதவர் அடுத்த வருடத் தேர்வு வரை வண்டியில் ஏற முடியாது, அது விதி. கட்டுப்பாட்டு அறையில் இடம் காலியாக இருந்தது. அவகாசம் கேட்டு நிலைய அதிகாரி மேலே எழுதிப் பார்த்தார். போன வருடம்தான் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று, வருடா வருடம் முடியாது என்று பதில் வந்தது.

அத்தான் அதன்பிறகும் கூடத்துக்கு வந்தார். வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விளிம்பில் இல்லை, முழுசாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதாவது கீலைக் கழற்றுங்கள் என்று சொல்லலாம்போல இருந்தது.

"களைப்பா இருக்கா அத்தான்?"

"தெரியல மாப்ள."

"அவனுக்கு முட்டி சரியாயிடும். ஒரு வருஷம்தானே."

"நீ ரெஸ்ட் எடுக்கச் சொன்னது தப்பா?"

"தப்பில்லையே."

"அவன் என்னைத் தள்ளிவிட்டது?"

"அவன் உங்க நல்லதுக்குத்தானே பண்ணினான்."

"அப்போ யார் மேலயும் தப்பில்ல" என்றார். "அப்புறம் ஏன் இப்படி இருக்கு?" நான் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒருநாள், அவருக்கு வேலை இல்லாத நாள், "ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வரலாம், நீயும் வா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. போனோம்.

பம்பரம் கண்ணாடி அடைப்புக்குள் சுழல் நாற்காலியில் இருந்தான். கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலிமேல் நீட்டியிருந்தான். தலையில் ஒலிக்கருவி மாட்டியிருந்தது, அது அவனுக்குப் பெரிதாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கண்ணே! பாருங்க, உக்காந்தே சம்பளம். ஆனா ஒரே கஷ்டம், இங்க தூங்க முடியல. கண்ணை மூடினா ஃபோன் அடிக்குது."

நான் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. கதவருகே நின்றவாறே சொன்னார்.

"அன்னைக்கு எனக்குக் களைப்பே இல்லடா."

நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்த பம்பரம் நிறுத்தினான்.

"நாலு மாசமா களைப்பா சோம்பலான்னு ஒண்ணும் புரியாமத்தான் இருந்தேன். அன்னைக்கு மட்டும் தெளிவாத் தெரிஞ்சுது. அஞ்சு மாடி என்ன, பத்து மாடி இறக்கியிருப்பேன். தெரிஞ்சும் கதவப் பிடிச்சுட்டு நின்னேன். நீ சொன்னதுக்காக நிக்கல. எனக்கு பாஸ் ஆகணும்னு நின்னேன்."

நான் அத்தானைப் பார்க்காமல் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். பம்பரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"தெரியும்ணே" என்றான். "படியில இறங்கும்போது பாத்தேன். கால மாத்தி மாத்தி வச்சுட்டு நின்னீங்க. நீங்க வந்துருவீங்கன்னு மூணு மாடி வரைக்கும் நினைச்சுட்டுத்தான் இறங்கினேன்."

அத்தான் வாயைத் திறந்தார். தொலைபேசி அடித்தது. பம்பரம் கையை உயர்த்தி அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, உடம்பை மேஜைப் பக்கம் திருப்பிப் பென்சிலை எடுத்தான்.

"தீயணைப்பு நிலையம். பதறாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன். விலாசம் சொல்லுங்க."